ஒரே தாளில் மூன்று காலங்கள்: பழைய சித்திர வரைபடங்களை எப்படி வாசிப்பது?

பழைய வரைபடம் ஒன்றின் படம் இணையத்தில் சுற்றத் தொடங்கினால், கூடவே இரண்டு விதமான பேச்சும் கிளம்பிவிடும். "1610ஆம் ஆண்டு வரைபடத்திலேயே இந்த இடம் இருக்கிறது, இதைவிடச் சான்று வேண்டுமா?" என்பார் ஒருவர். "ஆற்றையே வளைத்துப் போட்டிருக்கிறார்கள், தேவதை எல்லாம் வரைந்திருக்கிறார்கள், இதைப் போய் நம்புவதா?" என்பார் இன்னொருவர். இதற்கு நடுவில் விற்பனையாளர் "நானூறு ஆண்டு பழைய அசல்" என்று விலை சொல்வார்.

மூவரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். தாளில் ஓர் ஆண்டு அச்சாகியிருந்தால், தாளில் உள்ள எல்லாமே அந்த ஆண்டுக்குரியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சித்திர வரைபடத்தில் அப்படி இருப்பதே அரிது. அதன் நிலம் ஒரு காலத்தது, அது சொல்லும் கதை வேறொரு காலத்தது, கையில் இருக்கும் தாள் மூன்றாவது காலத்தது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

## முதலில் சில சொற்கள்

சித்திர வரைபடம் என்பது ஒரு வட்டாரத்தின் ஆறு, மலை, கடற்கரை, ஊர்களோடு அந்த வட்டாரத்தின் வரலாறு, கட்டடங்கள், தொழில்கள், நம்பிக்கைகள் ஆகியவற்றையும் படங்களாக ஒரே தாளில் தருவது. சாதாரண வரைபடத்தில் ஊர் ஒரு புள்ளி. இதில் ஊர் ஒரு கோபுரமாகவோ, ஒரு போராகவோ, ஒரு மனிதராகவோ நிற்கும்.

இதைப் பற்றிப் பேச ஐந்து சொற்கள் போதும்.

1. அடித்தளம்: படங்களுக்குக் கீழே கிடக்கும் நில வரைவு. பெரும்பாலும் ஓவியர் தாமே அளந்தது இல்லை. வேறொருவரின் நில அளவையிலிருந்து எடுத்தது.
2. சித்திரத் துணுக்கு: நிலத்தின் மேலோ ஓரத்திலோ வரையப்பட்ட சிறு காட்சி.
3. உள்படம்: மூலையில் தனிக் கட்டமாக வைத்த ஊர் வரைவு அல்லது கட்டடக் காட்சி.
4. கார்ட்டூஷ்: தலைப்பையோ அளவுகோலையோ தாங்கும் அலங்காரச் சட்டம்.
5. பதிப்புக் குறிப்பு: யார் செதுக்கினார், யார் விற்றார், எந்த ஆண்டு என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் இருப்பது. பலரும் படிக்காமல் விடுகிற இடமும் இதுதான்.

## வில்ட்ஷயர்: ஒரு தாளைப் பிரித்துப் பார்ப்போம்

இங்கிலாந்தில் ஜான் ஸ்பீட் 1611-12இல் வெளியிட்ட கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிலப்பிரிவு) வரைபடத் தொகுப்பு, நிலத்தையும் வட்டார வரலாற்றையும் கலந்த வரைபடங்களுக்கு ஒரு முன்மாதிரி. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தாள். நடுவில் நிலம், மூலைகளில் நகர வரைவு, ஓரங்களில் பிரபுக்களின் குலச்சின்னங்கள், ஆங்காங்கே போர்க் காட்சிகள். ஆம்ஸ்டர்டாமில் யோடோகஸ் ஹோண்டியஸ் இவற்றைச் செப்புத் தகடுகளில் செதுக்கினார். இந்தத் தொகுப்பின் வில்ட்ஷயர் தாளில், ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலப் பெருங்கல் வட்டத்துக்கென்றே ஓர் உள்படம் உண்டு. அந்தத் தாளை எடுத்துக்கொள்வோம்.

நிலத்தின் காலம். கிறிஸ்டோபர் சாக்ஸ்டன் 1570களில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதையும் கவுண்டி கவுண்டியாக அளந்தார். 1579இல் அது தொகுப்பாக வந்தது. ஸ்பீடின் நிலம் பெரும்பாலும் சாக்ஸ்டனிடமிருந்தும், சில கவுண்டிகளுக்கு ஜான் நார்டன் போன்றோரிடமிருந்தும் வந்தது. இதை அவர் மறைக்கவில்லை. பிறர் விளைத்த கதிரில் தம் அரிவாளைப் போட்டதாக அவரே எழுதியிருக்கிறார். நகர வரைவுகளில் பலவற்றுக்குத்தான் அவருடைய சொந்த உழைப்பு. ஆகவே சிற்றூர் ஒன்று ஸ்பீடின் தாளில் இருந்தால், அது 1610இல் இருந்ததற்கான சான்றாக அதை உடனே எடுத்துக்கொள்ள முடியாது. சாக்ஸ்டனின் தாளிலும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அது ஒரு தலைமுறைக்கு முந்தைய தகவல்.

கதையின் காலம். உள்படத்தின் குறிப்பு, ஸ்டோன்ஹெஞ்சை எழுப்பியவர் ஆரேலியஸ் அம்புரோசியஸ் என்ற பிரிட்டன் மன்னர் என்கிறது. சாக்சன்களின் வஞ்சகத்தால் வெட்டுண்ட பிரபுக்களின் நினைவாக, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அவர் எழுப்பினாராம். இன்றைய தொல்லியல்படி அந்தப் பெருங்கற்கள் நிறுத்தப்பட்டது ஏறத்தாழ கி.மு. 2500இல். இடைவெளி மூவாயிரம் ஆண்டு! ஆனாலும் குறிப்பு பயனற்றதாகிவிடவில்லை. ஸ்டோன்ஹெஞ்சைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 1600களின் தொடக்கத்தில் படித்த ஓர் ஆங்கிலேயர் அந்தக் கற்களைப் பார்த்து என்ன நினைத்தார் என்பதைத் துல்லியமாகச் சொல்கிறது.

தாளின் காலம். செப்புத் தகடு எளிதில் சாகாது. ஸ்பீடின் தகடுகள் ஒரு பதிப்பாளரிடமிருந்து அடுத்தவருக்கு விலைபோய்க்கொண்டே இருந்தன. முதலில் சட்பரி, ஹம்பிள். 1676இல் பாசெட், சிஸ்வெல். 18ஆம் நூற்றாண்டில் ஓவர்டன் குடும்பம். பல தகடுகளில் "1610" என்று செதுக்கியிருந்ததை யாரும் அழிக்கவில்லை. அதனால் 1676இல் அச்சான தாளும் 1610 என்றே சொல்லும். பதிப்பாளர் பெயரை மட்டும் தேய்த்து மாற்றினார்கள். தாளின் வயதைக் காட்டுவது அந்தப் பெயர்தான். ஓவர்டன் கைக்கு வந்த பிறகு சாலைகளும் சேர்ந்தன. சாக்ஸ்டனும் ஸ்பீடும் சாலைகளை வரையவில்லை. சாலையோடு கூடிய "1610" ஸ்பீட் தாள் கண்ணில் பட்டால், அது நூறு ஆண்டுக்கு மேல் பிந்திய அச்சு என்று சொல்லிவிடலாம்.

1570கள், கி.பி. 5ஆம் நூற்றாண்டு (நிஜத்தில் கி.மு. 2500), 1676. கையில் இருப்பதோ ஒரே தாள்.

லெஸ்டர்ஷயர் தாளில் இதே சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும். 1485இல் நடந்த பாஸ்வொர்த் போரை ஸ்பீட் அதில் வரைந்திருக்கிறார். போருக்கும் படத்துக்கும் நடுவே 125 ஆண்டு. போர் உண்மையில் நடந்த நிலம் எது என்பது 2009-10இல்தான் உறுதியாக அறிவிக்கப்பட்டது. உலோகம் கண்டறியும் கருவிகளோடு வயல்களில் பல ஆண்டு நடந்து, ஈயக் குண்டுகளையும் அந்தப் போரில் மடிந்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் சின்னமான பன்றி உருவப் பதக்கம் ஒன்றையும் எடுத்த பிறகே அந்த முடிவு வந்தது. அதுவரை போர்க்களமாகக் காட்டப்பட்ட குன்றிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வரைபடத்தில் ஒரு போர்ச் சித்திரம் இருந்தால், "இந்த வட்டாரத்தில் அந்த நினைவு உயிரோடு இருந்தது" என்பது வரைக்கும் நம்பலாம். அந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட முடியாது.

## அதே நிலம், வேறு மக்கள்

1612இல், ஏறத்தாழ அதே நேரத்தில், கவிஞர் மைக்கேல் டிரேட்டனின் நெடுங்கவிதைக்கு வில்லியம் ஹோல் வரைபடங்களைச் செதுக்கினார். அவற்றுக்கும் அடித்தளம் சாக்ஸ்டன்தான். ஆனால் ஹோலின் தாளில் பிரபுக்களின் சின்னங்களைத் தேடினாலும் கிடைக்காது. ஆறு ஒவ்வொன்றிலும் ஒரு நீர்மகள் நிற்கிறாள். குன்றுகளில் இடையர்கள். நகரங்கள், தலையில் கட்டடங்களைக் கிரீடமாகச் சூடிய பெண்கள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். ஸ்பீடுக்கு ஒரு வட்டாரம் என்பது யார் ஆண்டார், யார் வென்றார், எந்தக் குலத்துக்கு எந்தச் சின்னம் என்ற கணக்கு. டிரேட்டனுக்கு அது ஆறுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. அளவை ஒன்றுதான், எதை வரலாறு என்று எண்ணினார்கள் என்பதில்தான் வேறுபாடு. தேவதை வரைந்த தாள் பொய், குலச்சின்னம் வரைந்த தாள் மெய் என்று பிரிப்பது தவறு. ஆற்றின் போக்கைப் பொறுத்தவரை இரண்டுக்கும் தாய் ஒன்றே.

## நான்காவது கேள்வி: பணம் யாருடையது?

மூன்று காலங்களைப் பிரித்த பிறகு, தாளை வரையச் சொன்னவர் யார் என்று கேட்க வேண்டும். எது பெரிதாகும், எது சிறிதாகும், எது காணாமல் போகும் என்பதை முடிவு செய்வது அவருடைய தேவைதான்.

1583இல் மைக்கேல் அய்ட்ஸிங்கர், தாழ்நாடுகளின் (இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதி) 17 மாகாணங்களையும் சேர்த்து ஒரு சிங்கமாக வரைந்து வெளியிட்டார். பார்த்தால் ஒரே உடல், ஒரே உயிர். உண்மையிலோ, அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வட மாகாணங்கள் ஸ்பெயின் மன்னரை ஏற்க மாட்டோம் என்று பிரகடனம் செய்துவிட்டன. நிலத்தில் இல்லாத ஒற்றுமை தாளில் இருக்கிறது.

### சுரங்க ரயிலுக்கு ஆள் சேர்த்த வரைபடம்

20ஆம் நூற்றாண்டில் சித்திர வரைபடம் மறுபிறவி எடுத்தது லண்டனில். சுரங்க ரயில் நிறுவனத்தின் வணிகப் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் பிக், கட்டடக் கலைஞரும் எழுத்துருவாக்குநருமான மெக்டொனால்ட் கில்லிடம் ஒரு போஸ்டர் கேட்டார். 1914இல் நிலையச் சுவர்களில் ஒட்டப்பட்ட அந்த "வொண்டர்கிரவுண்ட்" வரைபடம் 40 அங்குல உயரம், 50 அங்குல அகலம் கொண்ட போஸ்டர் அளவு. லண்டன் தெருக்களை மேலிருந்து பார்ப்பது போன்ற அமைப்பு. அவற்றின் மேல் வரலாற்றுத் துணுக்குகள், குழந்தைப் பாடல் வரிகள், சிரிப்பு மூட்டும் உரையாடல்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அச்சகத்தின் ஜெரார்ட் மெனல் அதை மக்கள் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் பதிப்பாகவும் வெளியிட்டார்.

நோக்கம் எளிமையானது: வேலை நேரம் தவிர்த்தும் மக்கள் ரயில் ஏற வேண்டும். பூங்கா, அரண்மனை, விலங்குக் காட்சிச்சாலை என்று போய்ப் பார்க்கத் தக்க இடங்கள் பெருத்து நிற்பதன் காரணம் அதுதான். இதே சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான வழித்தடப் படமும் நிலத்தின் தூரங்களைக் கைவிட்டது. பெக் கைவிட்டது எங்கே ஏறி எங்கே மாறுவது என்று பயணிக்கு ஒரு நொடியில் தெரிவதற்காக. கில் கைவிட்டது பயணி நின்று பார்ப்பதற்காக. இரண்டு "தவறு"களும் காரணத்தோடு செய்யப்பட்டவை.

### கலிஃபோர்னியா: அன்போடு வரையப்பட்ட மறதி

அமெரிக்காவில் 1920களிலிருந்து 1950கள் வரை சித்திர வரைபடங்கள் பெருகின. கார் வந்தது, ஆஃப்செட் அச்சால் வண்ணத் தாள் மலிவானது, ஊர் ஊராகச் சுற்றுலாவை வளர்க்க விரும்பும் ஹோட்டல்களும் கடைகளும் இருந்தன. இந்தக் காலத்தின் மிகச் சிறந்த கைகளில் ஒன்று ஜோ மோராவுடையது. உருகுவேயில் 1876இல் பிறந்து, கலிஃபோர்னியாவின் மான்டரே கடற்கரையில் வாழ்ந்த சிற்பி அவர். 1926 மான்டரே தீபகற்பம், 1928 சான் டியேகோ, 1931 யோசெமிட்டி, 1942 லாஸ் ஏஞ்சல்ஸ் என்று அவர் வரைந்த தாள்களில் ஓரச் சட்டங்கள் முழுக்க வரலாறு ஊர்வலம் போகும்: ஸ்பானிய மாலுமிகள், குதிரை வீரர்கள், பிரான்சிஸ்கன் துறவிகள், தங்கம் தேடி வந்தவர்கள், கடைசியில் கார்க்காரர்கள். கோட்டின் உயிர்ப்பில் அவருக்கு இணையாக அந்தத் துறையில் அதிகம் பேர் இல்லை.

அந்த ஊர்வலத்தில் 1769 ஒரு மங்கலத் தொடக்கம். அந்த ஆண்டு சான் டியேகோவில் முதல் மிஷன் (பூர்வகுடிகளைக் கிறிஸ்தவராக்க ஸ்பானியத் துறவிகள் அமைத்த குடியிருப்பு) எழுந்தது. 1823க்குள் 21 மிஷன்கள். மோரா இவற்றைப் பரிவோடு வரைந்தார். அதற்குக் காரணமும் தெரிந்ததுதான்: கார்மெல் மிஷனில், இந்த மிஷன்களைத் தொடங்கிவைத்த பாதிரியார் ஹுனிபெரோ செர்ராவின் நினைவுச் சின்னத்தை 1924இல் செதுக்கியவர் அவரே. பூர்வகுடிகளின் கணக்கு வேறு. 1769க்கு முன் கலிஃபோர்னியாவில் அவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இருந்ததாக மதிப்பீடு. நோய், மிஷன் வாழ்வின் கட்டாயம், பின்னர் தங்க வேட்டைக் காலக் கொலைகள் எல்லாம் சேர்ந்து 1900 வாக்கில் அந்த எண்ணிக்கையை இருபதாயிரத்துக்கும் கீழே கொண்டுவந்தன. 2015இல் செர்ராவுக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது பூர்வகுடியினர் எதிர்த்தார்கள். 2020இல் சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் அவருடைய சிலைகள் வீழ்த்தப்பட்டன.

மோராவின் தாளைக் கிழித்தெறிய இது காரணமாகாது. 1769 பற்றி அறிய அது மிகப் பலவீனமான ஆதாரம். 1930களின் கலிஃபோர்னியா தன்னைப் பற்றி என்ன கதை சொல்லிக்கொண்டது என்பதற்கோ அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

### தேயிலைத் தாள்கள்

நம் மக்களைத் தொடும் தாள்களும் இந்த வகையில் உண்டு. அதே மெக்டொனால்ட் கில் 1933இல் இலங்கைத் தீவை அதன் தேயிலையோடும் பிற தொழில்களோடும் சித்திர வரைபடமாக்கினார். 1940இல் பன்னாட்டுத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியத்துக்காக, தேநீர் உலகுக்கே புத்துயிர் தருகிறது என்ற பொருளில் ஓர் உலக வரைபடம் வரைந்தார். தேயிலையின் வரலாறு அதில் துணுக்குத் துணுக்காக உலகம் முழுக்கத் தூவப்பட்டிருக்கிறது.

தேயிலை விற்க வந்த தாளை வாசிக்கும்போது, அதே நிலத்துக்கு வேறொரு வரைபடம் வரைந்தால் என்னென்ன இருக்கும் என்று பட்டியலிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணியோடு கிளம்பிய கூட்டம், மண்டபம் முகாம், 1914க்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அதற்கு முந்தைய தலைமுறை மன்னாரிலிருந்து மலைநாட்டுக்கு நடந்த காட்டுவழியும் அதில் காலராவில் செத்தவர்களும், தோட்டத் தொழிலாளர் அடைந்து வாழ்ந்த லயன் அறைகள். கில்லின் உலகப் படம் வந்து எட்டு ஆண்டில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. விளம்பரத் தாளில் இதற்கெல்லாம் இடம் கேட்க முடியாது. ஆனால் அந்தத் தாளை "இலங்கைத் தேயிலையின் வரலாறு" என்று தலைப்பிட்டுப் பகிரும்போது, அது யாருடைய வரலாறு என்பதையும் சேர்த்து எழுதலாம்.

## எவ்வளவு துல்லியம் என்று அளப்பது

"பழைய படம், தோராயமாகத்தான் இருக்கும்" என்று சொல்லி நிறுத்த வேண்டியதில்லை. எங்கே எவ்வளவு விலகல் என்று அளக்க முடியும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இதற்கான கருவி உண்டு. பழைய வரைபடங்களுக்கென்றே உருவான மேப்அனலிஸ்ட் என்பதும் இலவசம்தான்.

1. ஸ்கேன் குறைந்தது அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கட்டும். மடிப்பு மேடாக இருக்கும் தாளைக் கைப்பேசியில் சாய்வாக எடுத்த படம் உதவாது. கேமராவின் கோணலைப் பிறகு வரைந்தவர் தலையில் கட்டிவிடுவோம்.
2. பழைய தாளிலும் இன்றைய வரைபடத்திலும் உறுதியாக ஒன்றே என்று தெரியும் 12 முதல் 20 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஆறுகள் கூடும் இடம், பழைய தேவாலயம், பாலம் நல்லவை. ஆற்று முகத்துவாரமும் கடற்கரை முனையும் இடம் மாறியிருக்கக்கூடும், கவனம் தேவை. புள்ளிகள் தாள் முழுக்கப் பரவியிருக்க வேண்டும்.
3. ஊர்ச் சித்திரத்தில் எந்தப் புள்ளியைத் தொடுவது? சாக்ஸ்டன் வழி வந்த தாள்களில் கட்டடக் குறிக்குள் ஒரு சிறு வட்டம் இருக்கும். ஊரின் இடம் அதுதான். கோபுர உச்சியைத் தொட்டால் சில கிலோமீட்டர் பிழை வரலாம். வட்டம் இல்லாத 20ஆம் நூற்றாண்டுத் தாளில் கட்டடம் நிலத்தைத் தொடும் அடிக்கோட்டின் நடுவைக் கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் அதையே கொள்ளுங்கள்.
4. முதலில் முதல்நிலைப் பல்லுறுப்புக் கோவை முறையில் பொருத்துங்கள். அது தாளை நகர்த்தும், சுழற்றும், இழுக்கும், சாய்க்கும், வளைக்காது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகி நிற்கிறது என்ற எண் கிடைக்கும்.
5. அந்த விலகல்களை அம்புக்குறிகளாகப் போட்டுப் பாருங்கள். எல்லா அம்புகளும் தாறுமாறாக, சிறியதாக இருந்தால் அது அளவைப் பிழை. ஒரு மூலையில் எல்லாம் ஒரே பக்கம் நீண்டால், ஓவியர் அங்கே ஒரு படத்துக்கோ உள்படத்துக்கோ இடம் ஒதுக்க நிலத்தைத் தள்ளியிருக்கிறார்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று. "தின் பிளேட் ஸ்பிளைன்" என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் தாள் ரப்பர் போல வளைந்து எல்லாப் புள்ளியிலும் அச்சாகப் பொருந்தும். விலகல் பூஜ்யம் என்று காட்டும். கண்ணுக்கு அழகாக இருக்கும், இணையத்தில் பாராட்டும் கிடைக்கும். ஆனால் நாம் தெரிந்துகொள்ள வந்த விலகலையே அது விழுங்கிவிட்டது. பழைய தெரு இன்று எங்கே என்று தேட அந்த முறை பயன்படும். துல்லியத்தைப் பற்றிப் பேச அது உதவாது.

தாளில் வரைந்த அளவுகோலை வைத்துத் தூரம் அளப்பதும் ஆபத்து. 1,760 கெஜம் ஒரு மைல் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1593இல். அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஊர்ப்புற மைல்கள் அதைவிட நீளமாகவே புழங்கின, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறின.

## அசலா, மறுபதிப்பா?

விலை கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை, பார்க்க வேண்டிய வரிசையில்:

1. அளவு. தாளின் விளிம்பை அளக்காதீர்கள், அது வெட்டப்பட்டிருக்கலாம். வரைபடத்தின் எல்லைக் கோட்டிலிருந்து எதிர்க் கோடு வரை அளந்து, நூலகப் பதிவில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். செப்புத் தகட்டு அச்சு ஈரத் தாளில் நடந்து உலரும்போது சுருங்குவதால் சில மில்லிமீட்டர் வேறுபாடு இயல்பு. சென்டிமீட்டர் கணக்கில் வேறுபட்டால் அது மறுபதிப்பு. ஸ்பீடின் தாள்கள் ஏறத்தாழ 38 × 51 சென்டிமீட்டர். நடுவில் மடிப்பு இருக்கும்.

2. பத்து மடங்கு லென்ஸ். எழுத்தையும் மெல்லிய கோட்டையும் பாருங்கள். வண்ணத்தைப் பிறகு பார்க்கலாம். செப்புத் தகட்டிலோ பழைய கல்லச்சிலோ கோடு முழுமையான ஒரே மையாக இருக்கும். கறுப்புக் கோடே நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாக, பூவிதழ் போன்ற வட்டங்களாக உடைந்தால் அது புகைப்படம் எடுத்து நான்கு வண்ணத்தில் அச்சடித்த பிரதி. ஒழுங்கற்ற நுண்துளித் தூறல் என்றால் இன்க்ஜெட். ஒரு எச்சரிக்கை: 1930களின் அசல் ஆஃப்செட் தாள்களிலேயே வண்ணப் பரப்புகள் புள்ளிகளால் ஆனவையாக இருக்கலாம். வண்ணத்தில் புள்ளி கண்டு அசலைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. தீர்ப்பு எழுத்துக் கோட்டில்தான்.

3. தகட்டுப் பள்ளம். செப்புத் தகட்டு அச்சில் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்தியிருக்கும். விரலால் தடவினால் தெரியும். விளிம்பை ஒட்ட வெட்டிய தாளில் இது இருக்காது.

4. வெளிச்சத்துக்கு எதிரே. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய கைத்தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கிட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் அகலக் கோடுகளும் தெரியும்.

5. முதுகு. தொகுப்பிலிருந்து பிரிந்த ஸ்பீட் தாளின் பின்புறம் பொதுவாக அச்செழுத்து இருக்கும்: ஆங்கிலம், 1616 பதிப்பில் லத்தீன். வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

6. புற ஊதா விளக்கு. காகிதத்தை வெள்ளை வெளேர் என்று காட்டும் வேதிப்பொருள்கள் 1950 வாக்கிலிருந்துதான் பரவலாயின. இருட்டறையில் 365 நானோமீட்டர் விளக்கின் கீழ் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால், அது 1914 போஸ்டரோ 1931 யோசெமிட்டியோ ஆக முடியாது. பளிச்சிடாததால் மட்டும் அசல் என்றும் ஆகிவிடாது.

கைவண்ணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பீடின் தாள்களில் பல, வண்ணமில்லாமலே விற்கப்பட்டவை. இன்று சந்தையில் வண்ணத்தோடு இருப்பவற்றில் கணிசமானவை 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பூசப்பட்டவை. பழைய பச்சையில் செம்பு இருக்கும். அது காலப்போக்கில் காகிதத்தை அரித்துப் பின்புறம் பழுப்பாகத் தெரியும், சில இடங்களில் தாளே உடையும். முன்புறம் துளிர்ப் பச்சை, பின்புறம் சுத்த வெள்ளை என்றால் வண்ணம் புதிது. மடிப்பின் வெடிப்புக்குள் வண்ணம் இறங்கியிருந்தாலும் அப்படியே. வண்ணம் புதிது என்பதால் தாள் போலியாகாது; "அக்கால வண்ணம்" என்ற விலைதான் பொருந்தாது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பணம் செலவழிக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் உள்ள டேவிட் ரம்சி தொகுப்பு, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பி.ஜே. மோட் தொகுப்பு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆகியவை எழுத்து எழுத்தாகப் பெரிதாக்கிப் பார்க்கும் தரத்தில் படங்களை இலவசமாக வைத்திருக்கின்றன. பி.ஜே. மோட் தொகுப்பு, பார்ப்பவரை ஏதோ ஒன்றுக்கு இணங்க வைக்க வரையப்பட்ட வரைபடங்களுக்கென்றே தொகுக்கப்பட்டது. நான்காவது கேள்விக்குப் பழக நல்ல இடம்.

## வீட்டில் ஒரு தாள் இருந்தால்

லேமினேஷன் செய்யாதீர்கள். வெப்பத்தில் உருகி நாரோடு ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப் பசை சில ஆண்டில் பழுப்பாகித் தாளுக்குள் ஊறும். அந்தக் கறை போகாது. கிழிசலை ஒட்ட வேண்டியிருந்தால் மெல்லிய ஜப்பானியக் காகிதமும் கோதுமை மாவுச்சத்துப் பசையும்தான் வழி. பசை நீரில் கரையும், பின்னால் ஒருவர் பிரித்துச் சரிசெய்ய முடியும். மடித்தே விற்கப்பட்ட தாளில் மடிப்புகள் குறுக்கிடும் மூலைகள்தான் முதலில் உடையும். விரித்து, அமிலமற்ற அட்டையில் படுக்க வையுங்கள். உருட்டி ரப்பர் பேண்டு போட வேண்டாம்.

கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சட்டகத்தின் கண்ணாடி தாளை நேரே தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தரும் அட்டைச் சட்டம் வேண்டும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் வியர்க்கும். வெயில் படாத சுவராக இருக்கட்டும். சட்டத்தின் முதுகை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து வெள்ளிமீன் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது மாவுப்பசையை விரும்பித் தின்னும்.

மறுஅச்சுப் போட நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் ஓவியரின் உரிமை அவர் இறந்த பிறகு 60 ஆண்டு. கில், மோரா இருவரும் 1947இல் மறைந்தவர்கள். இங்கே அவர்களுடைய உரிமைக்காலம் 2007 முடிவோடு தீர்ந்தது. அமெரிக்கச் சட்டத்தின் கணக்கு வேறு; அங்கே முதலில் வெளியான தாளுக்கு, பதிவைப் புதுப்பித்திருந்தால், வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். மோராவின் 1942 லாஸ் ஏஞ்சல்ஸை அச்சடித்து அமெரிக்காவுக்கு அனுப்பி விற்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பதிவைத் தேடிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அப்படி அச்சடிக்கும்போது ஓரத்தில் உள்ள பதிப்புக் குறிப்பை வெட்டாதீர்கள். கீழே உங்கள் அச்சு ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள்.